பட்டாணியுடன் சிதம்பரத்தில் ஏழு நாட்கள்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்வதைப் பயணம் என்று சொன்னால் எவரும் நகைப்பர். பேருந்தில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. கல்லூரியில் புள்ளியியல் பயிற்றுவித்த காலத்தில் தேர்வுப் பணிக்காக அந்தச் சாலையில் நான் பலமுறை போய்வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வாழும் என் மகனிடம் இருமுறை சென்று திரும்பினேன். அவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை. ஆயினும் இந்த நாற்பத்தைந்து கிலோமீட்டரைப் பற்றி எழுதாமல் இருப்பது நன்றி மறந்த செயலாகும். இம்முறை என்னுடன் வந்தது ஒரு நாய்.

என் மனைவி சுலோசனா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவள் இடுப்பெலும்பு முறிந்தது. சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. அதன்பின் எழுந்து நிற்கத்தான் மறுத்துவிட்டாள். வலியைவிட அச்சமே பெரிதாக இருந்தது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், இந்த ஒரு வாரத்துல அம்மா கால ஊனியாகணும். தள்ளிப்போட்டா அப்புறம் கட்டிலோடதான்."

அன்று மாலையே கடலூரிலிருந்து எதிர் வீட்டு ஆரோக்கியசாமி தொலைபேசியில் அழைத்தார். "சார், ஒங்க நாயி ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல. கேட்டுகிட்ட படுத்துகிட்டு ரோட்டையே பாக்குது. எனக்குப் பயமா இருக்கு சார்."

கட்டிலில் கிடந்தவள் அதைக் கேட்டுவிட்டாள். "பட்டாணியக் கூட்டியாங்க. அவன் எதிர்ல நின்னா எழுந்துக்கறேன்" என்றாள். நான்கு நாட்களில் அவள் எழுவதைப் பற்றிப் பேசியது அதுவே முதல் முறை.

பட்டாணி என்பது அந்த நாயின் பெயர். பழுப்பு நிற நாட்டு நாய். கடைத்தெருவில் பட்டாணி வறுக்கும் கடை வாசலில் கிடந்த குட்டியைக் காய்கறிப் பையில் போட்டு எடுத்துவந்து அப்பெயரை இட்டவள் அவள்தான். கண்ணியமான பெயர்கள் சிலவற்றை நான் முன்மொழிந்தேன், ஏற்கப்படவில்லை. எங்கள் தெருவில் என் பழைய மாணவர்கள் மூவர் குடியிருக்கிறார்கள். ஆகவே ஆறு ஆண்டுகளாக வெளிக்கதவுக்கு அப்பால் அந்தப் பெயரை நான் உச்சரித்ததில்லை.

சனிக்கிழமை காலை. மைத்துனி கமலாவை மனைவியருகில் இருத்திவிட்டுக் கடலூர் சென்று, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றேன். அகலப்பாதை வேலைக்காக அந்தத் தடத்தில் ரயில்கள் நின்றுபோயிருந்த காலம். பேருந்துதான் கதி. நடத்துநர் படியிலேயே கையை நீட்டி மறித்தார்.

"பெரியவரே, கோழின்னா கூட ஏத்திப்பேன். இது ஆவாது."

"முழுப் பயணச்சீட்டு வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

"நீங்க சீட்டு வாங்கிக் குடுத்துடுவீங்க. ஜன்னலோரம் கேட்டா நான் எங்க போறது?"

பேருந்து முழுவதும் சிரித்தது. நான் இறங்கி நின்றேன். அடுத்த இரு பேருந்துகளிலும் அதே மறுப்பு. நகைச்சுவை மட்டும் இல்லை. கடைசியில் துறைமுகத்தில் மீன் இறக்கிவிட்டுக் கிள்ளைக்குத் திரும்பிக்கொண்டிருந்த குட்டியானை எனப்படும் ஒரு சிறு சரக்கு வண்டி நின்றது. ஓட்டுநர் முருகையன் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"பின்னாடி மீன் பொட்டியாண்ட விட்டா நக்கிகிட்டே வரும். மடியில வச்சிக்கிறீங்களா?"

வெள்ளை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையும் அணிந்திருந்த நான், முதன்முறையாக அந்த நாயை மடியில் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் பட்டினியில் அது எடை குறைந்திருந்தது. முன் இருக்கை முழுவதும் மீன் வாடை. பட்டாணி கண்களை மூடிக்கொண்டு அதை முகர்ந்தபடியே வந்தது.

புதுச்சத்திரத்தில் தேநீருக்கு நிறுத்தினார். நான்கு கம்பும் ஒரு கீற்றுக் கூரையுமே கடை. நாயைக் கண்டு எவரும் முகம் சுளிக்கவில்லை. சுவரே இல்லாத கடைக்கு உள்ளும் புறமும் ஏது? கடைக்காரர் ஒரு வர்க்கியை உடைத்துப் போட்டார். பட்டாணி முகர்ந்தது, தின்னவில்லை. "கவல ஜாஸ்திபோல" என்றார் அவர். முருகையன் கிள்ளைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் சிதம்பரம் வரை வந்து என்னை இறக்கிவிட்டுத்தான் சென்றார்.

நகரத்தில்தான் சுவர்களும் விதிகளும் தொடங்கின. மூன்று விடுதிகள் மறுத்தன. ஒன்றில் மேலாளர் என் பெயரைப் பதிவேட்டில் எழுதியபின் மேசைக்குக் கீழே எட்டிப் பார்த்து, எழுதியதை அடித்தார். நான்காவது விடுதியில், சந்துப் பக்கம் கதவுள்ள கீழ் அறையைத் தந்தார்கள். "கொலைச்சா காலி பண்ணிடணும்" என்பது நிபந்தனை.

மருத்துவமனை வாயிலிலும் அதே நிலை. காவலாளி கம்பைத் தட்டிப் பட்டாணியை விரட்டினார். நோயாளிகள் இருக்குமிடம், அவர் மீது பிழை சொல்ல மாட்டேன். ஆனால் நாயை நிறுத்த அந்தத் தெருவில் வேறிடமும் இல்லை. ஒருபுறம் மருத்துவமனைச் சுவர். எதிர்ப்புறம் சாக்கடையை ஒட்டி வரிசையாகக் கடைகள். நேரெதிரே ஒரு சிற்றுண்டிக் கடை. அங்கிருந்து பார்த்தால், சுலோசனாவின் அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தின் கம்பிச் சாளரம் தெரியும்.

மாலையில் கமலாவை அனுப்பி அந்தக் கடையில் இட்லி வாங்கினேன். நாயுடன் உள்ளே வரலாமா என்று கேட்க நா எழவில்லை. மறுக்கப்படுவது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. ஒரே நாளில் ஏழு முறை ஆகியிருந்தது. கமலா கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, சாக்கடைக் கல்லின் மேல் நின்றபடி தெருவில் உண்டேன். எழுபது வயது வரை நான் தெருவில் நின்று உண்டதில்லை. லீட்ஸில் ஒரு காபிக் கடை நினைவுக்கு வந்தது. வாசலில் நாய்களுக்கென்று தண்ணீர்க் கிண்ணம் வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்கடியில் ஒரு நாய் படுத்திருந்ததால், என் காபியைத் தொடாமலே எழுந்து வந்தேன். "சாப்பிடும் இடத்தில் இதென்ன அநாகரிகம்?" என்று மகனிடம் கடிந்துகொண்டதும் நினைவிருக்கிறது.

ஞாயிறு காலை ஐந்தரை மணி. பழைய மாணவர் எவர் கண்ணிலும் படாமல் காபியை முடித்துவிடும் எண்ணத்தில் நாயுடன் அந்தக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் தனம் என்ற அம்மாள், ஐம்பது வயதிருக்கும். கணவர் கலியமூர்த்தி அடுப்படியில். அந்த அம்மாள் கற்பூரம் ஏற்றிவிட்டு, அன்றைய முதல் விற்பனையான போணிக்காகக் காத்திருந்தார். முதல் கை நல்ல கையானால் நாளெல்லாம் வியாபாரம் நன்றாக நடக்கும் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை. நான் வாயெடுப்பதற்குள், கயிறு கைநழுவ, பட்டாணி படியேறி உள்ளே சென்று கல்லாப் பெட்டிக்கு முன் உட்கார்ந்துவிட்டது.

"அய்ய! போணியே ஆவல, நாயி நொழஞ்சிடுச்சே!" என்று கலியமூர்த்தி கரண்டியோடு வந்தார்.

என் மானம் அந்தப் படியில் கிடந்தது. அதைக் காக்கும் வழி ஒன்றே தோன்றியது. "இது தவறி நுழையவில்லை. வாடிக்கையாளராக வந்திருக்கிறது. இதற்கு இரண்டு இட்லி கொடுங்கள். முதல் பணம் இதோ" என்று நோட்டை நீட்டினேன்.

தனம் அம்மாள் என்னையும் நாயையும் பார்த்தார். பிறகு நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாமா, கரண்டிய எறக்கு. போணியாயிடுச்சி" என்று கணவரிடம் சொல்லி, கடைசி பெஞ்சுக்கு அடியில் தையல் இலையை விரித்து இட்லி வைத்தார். பட்டாணி என் முகத்தைப் பார்த்தது. பிறகு தின்றது. மூன்று நாளில் அதுவே முதல் உணவு.

அன்று அந்தக் கடையில் நிற்க இடமில்லை. பக்கத்துத் தெருப் பள்ளியில் அரசு வேலைக்கான தேர்வு. கிள்ளை, பெண்ணாடம் என்று பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். எட்டரை மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது. நான் அஞ்சியதும் நடந்தது.

"சார்! ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சார்தான? நான் பெண்ணாடம் சார், கடைசி வரிசை!" என்று ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டார். மகளைத் தேர்வுக்கு அழைத்து வந்திருந்தார். "பாப்பா, சார் கால்ல வுழுந்து கும்புட்டுக்க."

அந்தப் பெண் குனிந்தாள். பெஞ்சுக்கடியிலிருந்து பட்டாணி அவள் நெற்றியை நக்கியது.

"இது என் மனைவியின் நாய்" என்று விளக்கினேன்.

"ரெண்டு ஆசீர்வாதமா போச்சி சார்" என்றார் அந்த மாணவர். சுற்றியிருந்தோர் சிரித்தனர், அதில் ஏளனம் இல்லை என்பதை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

கடைக்கு வந்த கமலா எல்லோரும் கேட்க அதைப் பெயர் சொல்லிக் கொஞ்சிவிட்டு, ஓடிச் சென்று அக்காளிடம் சொன்னாள்: "பட்டாணி எதிர்க் கடையில ஒக்காந்து இட்லி துன்னுதுக்கா!" கட்டிலிலிருந்து தாழ்வாரச் சாளரம் பன்னிரண்டு எட்டுத் தொலைவு. "வந்தா பாக்கலாம்மா" என்றாள் செவிலி. சுலோசனா அன்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவ்வளவே. ஆனால் நின்றாள்.

திங்கட்கிழமை, மாணவர் கண்ணில் பட்ட கூச்சத்தால் நாயை அறையில் விட்டுத் தனியே காபிக்குச் சென்றேன். கடை திறந்திருந்தது; பால் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் காபி தரவில்லை.

"பட்டாணி எங்கய்யா?" என்று கேட்டார் தனம் அம்மாள்.

"அறையில் இருக்கிறது."

"அப்ப செத்த நில்லுங்க. மொதல்ல அது வரட்டும். அது கையிதான் நல்லாயிருக்கு."

நாயைக் கூட்டிவந்தபின்தான் எனக்குக் காபி கிடைத்தது. புதன்கிழமைக்குள் பக்கத்துப் பூக்கடை அம்மாளும், அடுத்த மருந்துக் கடைக்காரரும் தங்கள் வாசலில் அது ஒரு கணம் நின்று செல்ல வேண்டும் என்றார்கள். மருந்துக் கடைக்காரர் அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். பூக்கடையில் கயிறு கட்ட ஒரு கொக்கி அடித்தார்கள். தெருவில் என்னைப் பேராசிரியர் என்று அழைத்தவர் ஒருவருமில்லை. "அதோ பட்டாணி ஐயா வர்றாரு" என்றார்கள். முதல் நாள் அது உறுத்தியது. மறுநாள் திரும்பிப் பார்த்தேன்.

செவ்வாயன்று சுலோசனா நடையுதவிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு எட்டும் நடந்து சாளரத்தை அடைந்தாள். "பட்டாணி!" என்று கூப்பிட்டாள். கடைசி பெஞ்சுக்கடியிலிருந்து அது பாய்ந்து வந்து கயிறு இழுபடக் குரைத்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் முகம் சுளித்தார். தனம் அம்மாள் விடவில்லை: "கூப்ட்டா பதில் சொல்லாதா பின்ன? நீங்க வூட்ல கூப்ட்டா போவ மாட்டீங்களோ?"

எல்லாம் நலமாக நடந்தது. அதனாலேயே எனக்கு உறக்கம் கெட்டது. ஒரு நாள் கூட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரலாகாது என்று ஆயுள் முழுவதும் கற்பித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தேர்வினால் வந்தது, நாயால் அன்று. ஒரு பொய்யான நம்பிக்கையின் நிழலில் என் நாய் அமர்ந்திருந்தது. உண்மையைச் சொன்னால் இடம் போகும். மனைவி சாளரத்துக்கு வருவதும் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால், கற்பித்தது எல்லாம் வெறும் சம்பளத்துக்காக என்றாகிவிடும்.

புதன்கிழமை, கூட்டம் ஓய்ந்தபின் சொன்னேன். "அம்மா, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அன்று வியாபாரம் பெருகியதற்கும் இந்த நாய்க்கும் தொடர்பில்லை. பள்ளியில் தேர்வு நடந்தது."

அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "எனக்குத் தெரியாதாய்யா? பரீட்சன்னு தெரிஞ்சிதான் மொதநா ராத்திரியே ரெண்டு மடங்கு மாவு அரைச்சி வச்சேன்."

துடைத்த தட்டுகளை அடுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சனிக்கெழம சாயந்தரம் சாக்கடக் கல்லு மேல நின்னு துன்னீங்க. பாத்துகிட்டுதான் இருந்தேன். உள்ள வாங்கன்னு கூப்புட்டா நீங்க வர்ற ஆளு இல்ல. மொகத்தப் பாத்தாலே தெரியுது. நாயி உள்ள வந்தா நாலு பேரு கேப்பாங்க. போணின்னு சொல்லிட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். அவன் அவனுக்கும் கட இருக்குதில்ல?"

அடுப்படியிலிருந்து கலியமூர்த்தி எட்டிப் பார்த்தார். "எனக்கே இப்பதான் தெரியும் சார். மூணு நாளா நாய்க்கிக் கும்புடு போட்டுகிட்டு இருக்கேன்."

என் கௌரவத்துக்குப் பழுது வராமல் எனக்கு ஓர் இருக்கை அளிக்க வேண்டும் என்று, என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் ஒரு நொடியில் சிந்தித்திருக்கிறார். நான் கல்லூரியில் கண்ட உதவிக்குழுக்களும் தீர்மானங்களும் செய்யாத காரியம். பூக்கடைக் கொக்கியும் மருந்துக் கடைக் கிண்ணமும் அந்த ஒரு சொல்லின் விளைவுகள். நன்றி சொல்ல முயன்றேன். வகுப்பறைத் தமிழ்தான் வந்தது.

அதற்குப் பதிலாக, பயனுள்ள ஏதேனும் செய்ய எண்ணி, அன்று மாலை ஓர் அட்டையில் என் கையெழுத்தில் 'நாயுடன் வரும் வாடிக்கையாளர் கவனத்திற்கு' என்று ஏழு விதிகள் எழுதிக் கொடுத்தேன். கயிறு, இலை, கைகழுவுதல், அச்சமுடையோர் வசதி என்று எதையும் விடவில்லை.

கலியமூர்த்தி வாய்விட்டுப் படித்தார். நான்காவது விதியில் நிறுத்தினார். "சார், இத படிச்சி முடிக்கறதுக்குள்ள நாயி இட்லிய முடிச்சிடும்."

தனம் அம்மாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பின்பக்கம் எழுதச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன்: 'நாயோட வர்றவுங்க கடைசி பெஞ்சு.' ஏழு விதிகளும் அதில் அடங்கியிருந்தன. அந்த அட்டை கல்லாவுக்கு மேலே தொங்கியது. வியாழனன்று ஒரு தம்பதியர் ஒரு வெள்ளைப் பொமரேனியனுடன் வந்து, அதைப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பட்டாணி சற்று நகர்ந்து இடம் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பும் நாள். வாகன நெரிசலுக்கு முன் வாயில் வரை நடக்கட்டும், அப்புறம் அனுப்புகிறேன் என்றார் மருத்துவர்.

"கேட்டு வரைக்கும் போறவ எதிர்க்கட வரைக்கும் போவ மாட்டேனா?" என்றாள் சுலோசனா.

கமலா ஒருபுறம், செவிலி மறுபுறம். நான் கடை வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. அது பாய்ந்து இவளைத் தள்ளிவிடக் கூடாதல்லவா. நான் சென்றபோது கடை வாசலில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். பால் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவர் கையிலும் காபி இல்லை.

"அக்கா, ஆறு மணிக்கி டூட்டி மாத்தணும்" என்றார் செக்யூரிட்டி உடையில் இருந்த, நான் அறியாத ஒருவர்.

"இரு மச்சான், போணியாவல" என்றார் கலியமூர்த்தி.

"நாயிதான் வந்துடுச்சே?"

"நாயிது இல்ல இன்னிக்கி" என்று தனம் அம்மாள் தெருவைக் காட்டினார்.

அனைவரும் திரும்பினார்கள். வாயிலைக் கடந்து சுலோசனா தெருவில் இறங்கியிருந்தாள். சட்டத்தைத் தூக்கி வைப்பாள், ஓர் எட்டு, நிற்பாள். மிதிவண்டியில் வந்த பால்காரர் காலை ஊன்றி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஒலியெழுப்பத் தொடங்கி, நிறுத்திக்கொண்டது. சாக்கடைக் கல் ஆடுவதைக் கண்ட கலியமூர்த்தி, ஓடிவந்து செங்கல் துண்டைச் செருகி, ஏறி நின்று சோதித்தார். கயிறு என் கையை அறுத்தது.

"பட்டாணி, இரு" என்றேன். தெருவில், அத்தனை பேர் கேட்க.

அவள் வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. படியில் வலக்காலை வைத்தாள், இடக்காலைச் சேர்த்தாள். பட்டாணி அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகியது.

"காலு வலிக்குதாம்மா?" என்று கேட்டார் தனம் அம்மாள்.

"ரொம்ப வலிக்குது."

"வலிக்கட்டும், ஒக்காருங்க. இன்னிக்கி நெஜப் போணி. இன்னா வேணும்?"

சுலோசனா மூச்சு வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற ஆறு பேரையும் பார்த்தாள். "எனக்காகவா நிக்கிறாங்க? பாவம், அவுங்களுக்கெல்லாம் ஒரொரு காபி குடுங்க" என்று என்னிடமிருந்து பணத்தை வாங்கி நீட்டினாள்.

காபி ஆற்றுவதற்குள் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. முதல் டம்ளரை நானே எடுத்துச்சென்று, செக்யூரிட்டி உடையில் இருந்தவரிடம் இரு கைகளாலும் கொடுத்தேன். அவர் தயங்கினார்.

"ஐயா, நீங்க போயி இதெல்லாம்..."

"சூடாக இருக்கிறது. பார்த்துக் குடியுங்கள்" என்று சொல்லிவிட்டு, அடுத்த டம்ளருக்காகத் திரும்பினேன்.